எண்ணெய் வைக்காத தலை

ரோசம்மா அக்காவைத் தெரியாத ஆள் பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் கிடையாது. தெரியாது என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கைத் தலையராக இருக்க வேண்டும். சொன்ன பேச்சைக் கேட்காத முடியை வைத்துக்கொண்டு அவதிப்படும் பெண்கள் எல்லோருக்கும் அக்கா வீட்டுப் பின்வாசல் தெரியும். சனிக்கிழமை பிற்பகல்களில் நாலைந்து பேர் அங்கே ஈரத் தலையோடு வெயிலில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசிக்கொண்டிருப்பதை இன்றைக்கும் பார்க்கலாம்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் அவள் கதையை நான் எழுதுகிறேன். எழுத எனக்கு உரிமையும் இருக்கிறது. அவள் கை பட்ட தலைகளிலேயே ஆக மோசமான தலை என்னுடையதுதான். இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

என் முடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது நல்ல சுருட்டையும் இல்லை, நேர்முடியும் இல்லை. வேர்ப்பக்கம் நெளிநெளியாக ஆரம்பிக்கும். காதைத் தாண்டியதும் ஒவ்வொரு இழையும் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போகும். காற்றில் கொஞ்சம் ஈரம் ஏறிவிட்டால் போதும், தலை இரண்டு மடங்காகிவிடும். மழை வரப்போவதை எங்கள் தெருவில் வானத்துக்கு முன்னால் என் தலை சொல்லும். அதைப் பார்த்துவிட்டுக் கொடியிலிருந்து துணி எடுத்தவர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் எனக்குப் பரட்டை என்று பெயர். டோரதி என்பது பதிவுப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அப்பாவின் அக்கா அமலம்மாள் அத்தைதான் என்னை வளர்த்தாள். முடிக்கு அத்தைக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்று, தேங்காய் எண்ணெய். காலையில் ஒரு கை, மாலையில் ஒரு கை. எண்ணெய் காணாத தலை என்பது நம் சனங்களிடம் சின்ன வசவு இல்லை. சாவு வீட்டுக்காரர்கள், சோற்றுக்கு வழியில்லாதவர்கள், கவனிக்க நாதியில்லாதவர்கள், இவர்கள் தலைதான் எண்ணெய் காணாது. தாயில்லாப் பிள்ளையை அப்படி வெளியே அனுப்பினால் ஊர் தன்னை என்ன சொல்லும் என்று அத்தைக்குப் பயம். அந்தப் பயத்தில் பாதி அன்பு. எனக்கு அப்போது அது தெரியவில்லை, கழுத்தில் வழிகிற எண்ணெய்தான் தெரிந்தது.

எண்ணெய்க்கும் என் முடி அடங்கவில்லை. எண்ணெய் வழியும் பரட்டையாக ஆனது, அவ்வளவுதான்.

எனக்கு இருபது வயதாவதற்குள் இரண்டு வரன்கள் வந்து போயின. ஒன்று பத்து காவான் என்கிற ஊரில் தோட்டக் கணக்கெழுதும் கிராணி வீடு, மற்றது பட்டர்வொர்த். இரண்டு வீட்டாரும் காப்பி குடித்தார்கள், கேக் தின்றார்கள், என் தலையைப் பார்த்தார்கள், ஊருக்குப் போய்ச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். பத்து காவான்காரர்கள் மட்டும் சொல்லி அனுப்பினார்கள். பெண் லட்சணமாகத்தான் இருக்கிறாளாம், ஆனால் பரட்டைத் தலை வீட்டுக்கு ஆகாதாம். கேக்கை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போனவர்களுக்கு அது மட்டும் ஆகவில்லை.

அப்பா பால்ராஜ் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் கிளார்க். ரொம்ப நேர்மையான மனிதர். அப்படிப்பட்டவரே மூன்றாவது வரனுக்கு ஒரு தந்திரம் செய்தார். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்பார்களே, அப்பா ஒரே பொய்தான் சொன்னார், அதையும் படமாக எடுத்துச் சொன்னார். அத்தை விளக்கெண்ணெயைக் காய்ச்சி என் தலையில் அப்பினாள். இழுத்துப் பின்னி இருபது ஊசி குத்தினாள். அந்தக் கோலத்தில் பினாங்கு ரோட்டுப் படக் கடையில் என்னை நிறுத்தினார்கள். படத்தில் என் தலை சாணி போட்டு மெழுகிய தரை மாதிரி வழவழவென்று இருந்தது. இழுத்துக் கட்டியதில் புருவம் மேலேறி, யாரையோ அடிக்கப் போகிறவள் போல நான் நின்றேன்.

படம் தைப்பிங்குக்குப் போனது. மாப்பிள்ளை பெயர் மைக்கேல், ரயில்வேயில் கிளார்க். அப்பா இல்லாதவர், அம்மா சொல்வதுதான் அந்த வீட்டில் சட்டம். படம் பிடித்திருக்கிறது என்றும், மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் அம்மாவும் மாமாவும் மட்டும் வந்து நேரில் பார்ப்பார்கள் என்றும் பதில் வந்தது. பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை, நாலு மணிப் படகில் திரும்பிவிடுவார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது, இனி சோற்றைப் பரிமாற வேண்டும்.

அப்போதுதான் ரோசம்மா அக்காவிடம் போனேன். என் தலையை அந்தப் படத்தில் இருப்பதுபோல ஒரு நாள், ஒரே ஒரு நாள், படிய வைத்துக் கொடு என்று கேட்கத்தான் போனேன்.

அக்கா எங்கள் வரிசையில் கடைசி வீடு. ஹார்பரில் கிரேன் ஓட்டும் ஆரோக்கியநாதன் அண்ணனின் மனைவி. அப்போது அவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கனத்த தோள், கொல்லன் வீட்டுப் பெண்ணைப் போன்ற கை, எதற்கும் அவசரப்படாத நடை. முடி இடுப்பு வரைக்கும் அலை அலையாக இறங்கும். ஒரு இழை தனியாகப் பறக்காது. அதைப் பார்த்துவிட்டு, அக்காவுக்கு என்ன, கூந்தல் உள்ள சீமாட்டி அள்ளி முடிகிறாள் என்று நான்கூட முன்பெல்லாம் பொறாமைப்பட்டிருக்கிறேன். அந்த முடியும் என் முடியைப் போன்ற ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் கல்யாணமும் என் படத்தைப் போன்றதுதான். அவள் அம்மா விளக்கெண்ணெயைப் பூசி, பின்னி, முக்காட்டுக்குள் மூடிப் பலிபீடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள். மறுநாள் காலையில் புது மருமகள் தலை குளித்தாள். முடி காயக் காய எழுந்து நின்றது. மாமியார் பார்த்தாள். ஏமாற்றிவிட்டார்களே என்றாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அன்றிலிருந்து மருமகளுக்கு ஏமாத்துக்காரி என்றே பெயர் வைத்துவிட்டாள். கோபத்தில் சொல்கிற வார்த்தை கூட இல்லை அது, சாதாரணமாகக் கூப்பிடுகிற பெயர். ஏமாத்துக்காரி உலை வைத்துவிட்டாளா, ஏமாத்துக்காரி பாசாருக்குப் போயிருக்கிறாளா என்றுதான் அந்த வீட்டில் பேச்சு. ஆரோக்கியநாதன் அண்ணன் தங்கமான மனிதர். முடியா எனக்குச் சோறு போடுகிறது என்று மனைவியிடம் சொல்லுவார். அதை அம்மாவிடம் போய்ச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வராது.

கெட்டிக்காரன் புளுகாவது எட்டு நாளைக்கு நிற்கும், எங்கள் வீட்டார் புளுகு ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை என்று அக்கா சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லும்போது அவள் சிரிப்பு வாயோடு நின்றுவிடும்.

அவள் வேலைக்குப் போனது ஊருக்குள், மலாய்ப் பழக்கத்தில் ஊறிப்போன சீனர்களான பாபாக்களின் ஒரு பெரிய வீட்டுக்கு. துணி துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போடுகிற வேலை. அந்த வீட்டு நோன்யா பெண்களுக்குக் கொண்டை போட நாலு நாளைக்கு ஒரு தரம் ஒரு சீனத்துப் பெண் வருவாள். ஒரு பீங்கான் கிண்ணத்தில் மெல்லிய மரச்சீவலை ஊற வைத்திருப்பாள். தச்சன் இழைப்புளியில் வருகிற சீவல் மாதிரி சுருள்சுருளாக இருக்கும். ஊறிய தண்ணீர் வெண்டைக்காய்ச் சாறுபோல வழுவழுப்பாகிவிடும். அதைத் தொட்டுத் தொட்டுத் தடவி வாரினால் கொண்டை கண்ணாடிபோல நிற்கும். சாயங்காலம் வரைக்கும் ஒரு முடி கிளம்பாது. எண்ணெய்ப் பிசுக்கு கிடையாது, தலையணை கெடாது, கழுவவும் வேண்டாம். அக்கா இஸ்திரிப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தச் சீனத்துப் பெண்ணுக்கு இவள் ஒருத்தி அங்கே நின்றதே தெரியாது.

கேம்பல் ஸ்ட்ரீட்டில் ஒரு சீன மருந்துக் கடையில் போய், தன் தலையைக் காட்டி, மரத்தை இழைப்பதுபோல அபிநயம் பிடித்து, கடைக்காரர் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்து, ஒரு கட்டு வாங்கி வந்தாள். முதல் தடவை கெட்டியாக ஊற வைத்துக் காய்ந்த தலையில் அப்பிக்கொண்டாள். தலை காய்ந்த பனங்காய் மாதிரி ஆகிவிட்டது. அந்த வீட்டுக்கு அவள் வந்த பிறகு மாமியார் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

வேறொருத்தியாக இருந்தால் கிண்ணத்தைத் தூக்கி எறிந்திருப்பாள். இவள் சலவைக்காரி. காய்ந்த துணியில் கெட்டிக் கஞ்சியைக் கொட்டினால் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும், ஈரத் துணியில் நீர்த்த கஞ்சி போட்டால்தான் ஒரே சீராக இறங்கும் என்று கைக்குத் தெரியும். அடுத்த தடவை தலைக்குக் குளித்து, தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும்போதே, மெல்லிசாகக் கரைத்த சீவல் தண்ணீரை விரலால் கோதிவிட்டாள். வேரில் படவிடவில்லை. பிறகு நுனியிலிருந்து மேலே அள்ளி அள்ளிக் கையால் கசக்கினாள். அதன் பிறகு சீப்பும் இல்லை, துண்டும் இல்லை. காயும் வரைக்கும் தொடவே இல்லை. காய்ந்ததும் முடி மொறமொறவென்று இருந்தது. உள்ளங்கையில் ஒரே ஒரு சொட்டு எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அள்ளிப் பிசைந்தாள். மொறமொறப்பு உடைந்தது. அலை மட்டும் நின்றது.

முடி முளைத்த நாளிலிருந்து அது இப்படி இருக்கத்தான் ஆசைப்பட்டிருக்கிறது, நாம்தான் விடவில்லை என்று அக்கா அதைப் பற்றிச் சொல்லுவாள். மாமியார் வந்து பார்த்தாளாம். ஏமாத்துக்காரி இன்னொரு ஏமாத்து வேலை கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள் என்றாளாம்.

நான் படிய வைத்துக் கொடு என்று கேட்டதும் அக்கா என் முடியை ஒரு பிடி எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். பாசாரில் கீரை வாங்குகிறவள் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிய வைக்கத் தனக்குத் தெரியும், கெட்டியாகப் போட்டுக் கொண்டை கட்டினால் நோன்யா தலை மாதிரி ஆக்கிவிடலாம் என்றாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் செய்ய மாட்டேன் என்றாள்.

"ஒரு நாளைக்குப் படிய வச்சிடுவேன் தங்கச்சி. நீ கட்டிக்கப் போறது ஒரு நாளைக்கா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் கதை வேறு, என் கதை வேறு, உனக்கு ஒரு புருஷன் இருக்கிறான், எனக்கு அதுவும் இல்லாமல் போகப் போகிறது என்று கத்தினேன். அக்கா நான் கத்தி முடிக்கும் வரை இருந்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் சீவலைப் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். வாசனைக்கு ஒரு பண்டான் இலையைக் கிள்ளிப் போட்டாள். சனிக்கிழமை காலை வெறும் தலையோடு இரு, நானே வருகிறேன், அத்தையிடம் எண்ணெய் வைத்துக்கொள்ளாதே என்றாள். அவள் சொன்ன விதத்தில் ஒரு உறுதி இருந்தது. வேறு வழியும் எனக்கு இல்லை.

சனிக்கிழமை காலை எங்கள் வீட்டுப் பின்கட்டிலேயே சீயக்காய் போட்டுப் பழைய எண்ணெயை முழுக்க எடுத்தோம். அக்கா சீவல் தண்ணீர் போட்டு, கசக்கி, என்னை வெயிலில் உட்கார வைத்தாள். காய்ந்ததும் கடைசி வேலையைச் செய்ய வருகிறேன், அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்குச் சோறு வைக்க வீட்டுக்குப் போனாள். விருந்தாளிகள் இரண்டு மணிக்கு மேல்தான் வருவார்கள் என்று கணக்கு.

அவர்கள் முந்தின ரயிலில் வந்துவிட்டார்கள். பன்னிரண்டரைக்கு இரண்டு ரிக்‌ஷாக்கள் தெருமுனையில் திரும்புவதை அப்பா பார்த்தார். அந்தச் செய்தி பின்கட்டுக்கு வந்த நிமிஷம் அத்தைக்கு இத்தனை வருஷப் பயமும் ஒன்றாக வந்துவிட்டது. எண்ணெய் வைக்காத தலையோடு ஒரு தாயில்லாப் பெண்ணை நல்ல காரியத்துக்குக் கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பதா? நான் வேண்டாம் வேண்டாம் என்பதற்குள் சிலுவை அடையாளம் போட்டு உச்சியில் ஒரு கை எண்ணெய் வைத்துவிட்டாள். ஒரு கை வைத்தது போதாதென்று இன்னும் இரண்டு கை. அதையும் மன்னிக்கலாம். பிறகு சீப்பை எடுத்து மேலிருந்து கீழே வாரினாள்.

காய்ந்த அலையில் சீப்பு பட்டால் என்ன ஆகும் என்று அக்காவிடம் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லுவாள், துடைப்பம். சீவல் தண்ணீர் தூள்தூளாக உதிர்ந்தது. மேலே எண்ணெய் வழிய, கீழே விரிந்து, இரண்டு பக்கமும் இறக்கை முளைத்ததுபோல நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அத்தையும் பார்த்தாள்.  நான் திட்டியிருப்பேன், ஆனால் அத்தை அழ ஆரம்பித்துவிட்டாள். உன் அம்மா இருந்திருந்தால் அவள் வைத்திருப்பாள், அவள் இல்லாததால்தான் நான் வைத்தேன் என்றாள்.  கூடத்தில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே பின்வாசலில் வந்து நின்றாள். என் தலையைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள்.  நேரே கூடத்துக்குப் போனாள். அங்கே அப்பா, மைக்கேலின் அம்மா, மாமா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பெண் தலை குளிக்கப் போகிறாள், முடி காய இரண்டு மணி நேரம் ஆகும், இருந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அக்கா சொல்லிவிட்டாள். மழை வரும், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

இரண்டாம் தடவை சீயக்காய் போட்டோம். கிண்ணத்தில் மிச்சமிருந்தது கால்வாசித் தண்ணீர்தான். அக்கா அதைச் சொட்டுச் சொட்டாகக் கணக்குப் பண்ணிக் கோதினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றேன். கண்ணைத் திறந்தபோது எதிரே பின்கட்டுப் படியில் புது ஜோடி செருப்பு தெரிந்தது. மைக்கேலின் அம்மா.

வெள்ளைச் சேலை, மெலிந்த உடம்பு, சிரிக்காத முகம். கூடத்தில் உட்கார்ந்து அலுத்துப் போயிருக்க வேண்டும். துணி துவைக்கும் கல் மேல் உட்கார்ந்துகொண்டார்.  அக்கா அள்ளிக் கசக்குவதைப் பார்த்தார். நான் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததைப் பார்த்தார். முடி முதலில் கயிறு கயிறாகத் தொங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேலே சுருங்கி அலை பிடித்தது. ஒன்றரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் என் தலையை யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் எல்லாம் ஒரு நிமிஷத்தில் முடிவு சொல்லிவிட்டவர்கள்.

அதற்குள் அப்பாவும் பின்னால் வந்து நின்றார். அந்த அம்மாள் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையைப் பிரித்து, உள்ளே இருந்த படத்தை எடுத்தார்.

"இது யாரு?"

அப்பா தரையைப் பார்த்தார். அத்தை சுவரைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா பதில் சொல்லிவிட்டாள்.

"அது எண்ணெய்ம்மா. பொண்ணு இதுதான்."

அந்த அம்மாள் அக்காவை ஏற இறங்கப் பார்த்தார். அக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"நானும் எண்ணெயைப் பூசிக்கிட்டு வந்த மருமவதான். மறுநாள் காலையில தலை குளிச்சேன். பதினோரு வருசமா எங்க வீட்டுல எனக்கு ஏமாத்துக்காரின்னு பேரு. இந்தப் பொண்ணுக்கு அந்தப் பேரு வேணாம்மா. பிடிச்சா இப்படியே பிடிக்கட்டும். இல்லேன்னா நாலு மணிக்குப் படகு இருக்குதுலா."

  எனக்காக ஒருத்தி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. இந்த வரன் போனாலும் போகட்டும் என்று அந்த நிமிஷத்தில் தோன்றிவிட்டது.

அந்த அம்மாள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தைப்பிங்கில் தினமும் மழை, அங்கே இது நிற்குமா என்று கேட்டார். தினம் போட்டால் தினம் நிற்கும் என்றாள் அக்கா.

முடி காய்ந்துவிட்டது. மொறமொறவென்று நின்றது. கடைசி வேலைக்கு அக்கா எண்ணெய்க் குப்பியை எடுத்தாள். எடுத்தவள் அதைத் தான் வைத்துக்கொள்ளாமல், சுவரோரம் நின்ற அத்தையைக் கூப்பிட்டு உள்ளங்கையை நீட்டச் சொன்னாள். சரியாக ஒரு சொட்டு விட்டாள்.

"இப்ப வைங்கக்கா எண்ணெய். நீங்கதான் வைக்கணும்."

அத்தை இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு, அக்கா காட்டியபடி என் முடியை அள்ளிப் பிசைந்தாள். மொறமொறப்பு உடைந்து, முதுகெல்லாம் அலையாக இறங்கியது. அத்தை கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். என் தலையில் அவள் வைத்த எண்ணெய்களிலேயே அந்த ஒரு சொட்டுதான் எனக்கு எண்ணெயாகத் தெரிந்தது.

மைக்கேலின் அம்மா எழுந்தார். படத்தை அப்பாவின் கையில் கொடுத்தார். இதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், இப்போது இருக்கிற மாதிரி ஒன்று எடுத்து அனுப்புங்கள், என் மகன் இதைப் பார்த்துத்தான் சரி என்றான், அதைப் பார்த்தும் சொல்லட்டும் என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காப்பி மட்டும் குடித்தார், கேக்கைத் தொடவில்லை. மூன்று மணிக்கு ரிக்‌ஷா ஏறிவிட்டார்.  அப்பா அன்றைக்குச் சாயங்காலம் அக்காவிடம் போய், நான் செய்தது தப்புதான் அம்மா என்று சொல்லிவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை அதே படக் கடைக்குப் போனோம். முடியை விரித்துவிட்டு ஒரு படம். கடைக்காரர் தலை வாரவில்லையா என்று கேட்டார். இதுதான் வாரியது என்றேன். பத்து நாளில் பதில் வந்தது. மைக்கேலே எழுதியிருந்தார். முதல் படத்தை அம்மா திருப்பிக் கொடுத்ததில் தனக்கு வருத்தம் இல்லை, அதில் பெண் கோபமாக இருந்தாள், இரண்டாவது படத்தை மட்டும் யார் கேட்டாலும் திருப்பித் தருவதாக இல்லை. அவ்வளவுதான் கடிதம். அதை எத்தனை தடவை வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பாஸ்காத் திருநாள் முடிந்து எங்கள் கோயிலிலேயே கல்யாணம். தலை அக்காவின் கையால், கடைசிச் சொட்டு அத்தையின் கையால். மறுநாள் தைப்பிங் போய்ச் சேர்ந்தோம். இறங்கும்போதே மழை.

அடுத்த நாள் காலையில் நான் தலை குளித்தேன். குளியலறைக் கதவைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை என்றால் நம்புவீர்களா? எல்லாம் தெரிந்துதான் கட்டிக்கொண்டார்கள், ஒளிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் ரோசம்மா அக்காவின் அந்தக் காலை எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. புது மருமகள், ஈரத் தலை, வெளியே மாமியார். கதவைத் திறந்தேன்.

மாமியார் சமையல்கட்டில் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் முக்காலி மேல் ஒரு பீங்கான் கிண்ணம். அதில் மரச்சீவல் பதமாக ஊறி வழுவழுவென்று கிடந்தது. நேற்றே ஊறப் போட்டேன், பதம் சரியா பார் என்றார். இந்த ஊரில் இது கிடைக்குமா என்று கேட்டேன். கிடைக்காதாம்.

"அன்னிக்கு ரோசம்மாகிட்டக் கடையைக் கேட்டுக்கிட்டு, படகுக்குப் போறப்பவே கேம்பல் ஸ்ட்ரீட்டுல ரிக்‌ஷாவை நிறுத்தி வாங்கிட்டேன். தாயில்லாப் பொண்ணு, தலைக்கு யார் பாப்பா?"

நான் அழுதேன். நன்றாகவே அழுதேன். அவர் என்னை உட்கார வைத்து, துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து பார்த்ததை ஒன்றுவிடாமல் ஞாபகம் வைத்துக்கொண்டு, நுனியிலிருந்து மேலே அள்ளிக் கசக்கிவிட்டார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. முடி காய மத்தியானம் ஆயிற்று.

அன்றைக்கே ரோசம்மா அக்காவுக்கு எழுதினேன். கல்யாணச் செலவு, ரயில், வீடு எதையும் எழுதவில்லை. குளித்துவிட்டுக் கதவைத் திறந்தேன், என் மாமியார் கிண்ணத்தோடு நின்றார் என்பதை மட்டும் எழுதினேன். ஆரோக்கியநாதன் அண்ணன்தான் பதில் போட்டார். அக்கா அந்தக் கடிதத்தைத் தன் மாமியாரைக் கூடத்தில் உட்கார வைத்து, அவள் எதிரே சத்தமாக வாசிக்கச் சொன்னாளாம். அண்ணன் வாசித்தார். கிழவி பாதியில் எழுந்து உள்ளே போய்விட்டாள். அக்கா உலையை இறக்கிவிட்டு, சாப்பாடு போடும் நேரத்தில், இன்னொரு தரம் வாசியுங்கள் என்றாளாம்.

இரண்டாம் தடவை வாசித்தபோது கிழவி எழுந்து போகவில்லை. சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டு வந்து, ரோசம்மா, இன்னும் கொஞ்சம் தண்ணி குடு என்றாளாம். பதினோரு வருஷத்தில் அந்தப் பெயரை அம்மா வாயால் இன்றைக்குத்தான் கேட்டேன் என்று அண்ணன் எழுதியிருந்தார்.